அவசரத் தொடர்பு

முதலில் வந்தது எச்சரிக்கைதான், ஆணை இல்லை.
இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டேன்.
எச்சரிக்கை என்றால் பையைக் கட்டு,
ஆணை என்றால் பையைத் தூக்கு.
மேற்கு கெலோனாவில் ஆகஸ்டு பிறந்தால்
பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த இலக்கணம்.

பகல் இரண்டு மணிச் சூரியனை
வெறுங்கண்ணால் பார்க்க முடிந்தது,
புழங்கித் தேய்ந்த செப்புக்காசு.
கார் மேல் விழுந்த பைன் ஊசி ஒன்று
சாம்பலாகியும் ஊசியாகவே கிடந்தது,
நான் தொடும் வரை.

லாரியோடு ஆல்பர்ட்டாவில் இருந்த சாத்தப்பன்
போனில் கத்தினான்:
"பாஸ்போர்ட்டை முதலில் எடு!"
பாஸ்போர்ட் வான்கூவரில், புதுப்பிக்கப் போயிருக்கிறது.
என்னிடம் இருந்தது கூரியர் ரசீது.
எனக்கும் ஒரு நாடு உண்டு என்பதற்கு
அன்றைய தேதியில் அதுதான் அத்தாட்சி.
ஜிப் பையில் போட்டு
காற்றை அழுத்தி வெளியேற்றி மூடினேன்.

நகராட்சித் தாளில் இருந்தபடியே
மூன்று நாள் தண்ணீர், டார்ச், பேட்டரி,
தைராய்டு மாத்திரை, சில்லறை நோட்டு.
தாளில் இல்லாதது: பெருங்காய டப்பா.
ஏன் எடுத்தேன் என்று கேட்காதீர்கள்.

நான்கு வருடமாகத் தள்ளிப்போட்ட
தூதரகப் படிவத்தையும் அன்றைக்குத்தான் திறந்தேன்.
பத்துக் கேள்விகள் வழுக்கிக்கொண்டு போயின.
பதினோராவது:
அவசரத் தொடர்பு. அருகில் வசிப்பவர்.
அதே முகவரியில் இருப்பவர் கூடாது.

அருகில்.
டொரோண்டோவில் எங்களுக்கு ஒரு சங்கமே உண்டு,
விமானத்தில் நாலரை மணி நேரம்.
மருந்துக்கடை மேலாளரின் எண் இருக்கிறது,
லீவு சொல்வதற்கு மட்டும்.
கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது,
நாடி பார்ப்பது போல.

கடைசியில் ரோடெல் என்று எழுதினேன்.
எதிர்வீட்டு பிலிப்பீனோ.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை,
குளியல் தொட்டியில் ஒரு ஆமை.
போன ஜனவரியில் என் கார்க் கண்ணாடிப் பனியை
வங்கி அட்டையால் சுரண்டிவிட்டுப் போனவன்.
அவ்வளவுதான் பழக்கம்.
குடும்பப் பெயர் கேட்ட கட்டத்தில்
206 என்று அவன் கதவு எண்ணைப் போட்டேன்.

இரவு இரண்டு நாற்பதுக்கு ஆணை.
கட்டடத்திலிருந்த அத்தனை போனும் ஒரே குரலில் அலறின.
கதவைத் திறந்தால்
பாத்திரம் கழுவும் தொட்டியில் ஆமையோடு அவன்.
அவன் கார் மெக்கானிக்கிடம்.
ஏறு என்றேன்.

பாலம் முழுக்கச் சிவப்பு விளக்குகள்.
நின்றோம், நகர்ந்தோம், நின்றோம்.
பின்னால் மலை
அடுப்புக் கரி மாதிரி விட்டுவிட்டு எரிந்தது.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
ஆமை மட்டும் அசையவில்லை.
அதற்கு எப்போதும் பை கட்டித்தான் இருக்கிறது.

ஹாக்கி அரங்கில் மேசை போட்டுப் பதிவு.
ஆரஞ்சு உடுப்புப் பெண் ரோடெலைக் கேட்டாள்:
"உங்களைத் தேடி வந்தால்
யாரிடம் சொல்லட்டும்?"
அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.
"மயாமி" என்றான்.
"ஊரா?"
"ஆள். இந்தியா."
"குடும்பப் பெயர்?"
கொஞ்சம் யோசித்தான்.
"204."

மெய்யம்மை என்று எழுத்துக்கூட்டிச் சொல்ல
வாய் திறந்தேன். பிறகு
தேவையில்லை என்று பட்டது.

ஒன்பது நாள் கழித்து வீடு.
மின்சாரம் போன குளிர்பெட்டியில்
தோசைமாவு மூடியைத் தள்ளிப் பொங்கி
தட்டுத் தட்டாக வழிந்து காய்ந்திருந்தது.
சுரண்ட ஒரு ஞாயிறு முழுதும் போனது.
பாஸ்போர்ட்டும் வந்து சேர்ந்தது,
படத்தில் எனக்குக் கொஞ்சம் வயதாகியிருக்கிறது.

பையை நான் பிரிக்கவில்லை.
செருப்பு மாட்டும் இடத்திலேயே இருக்கிறது,
தினம் ஒரு முறை காலில் இடிக்கிறது.
மாத்திரை மார்ச்சில் காலாவதி,
தண்ணீர் மாற்ற வேண்டும்.
ஆமைத் தீனி ஒரு பொட்டலம்
பெருங்காயத்துக்குப் பக்கத்தில் கூடியிருக்கிறது.
அவன் குடும்பப் பெயரை
இன்னும் கேட்கவில்லை.