சாய்கோடு

பாசிர் பாஞ்சாங், பதினோராம் மாடி.
கீழே பாரந்தூக்கிகள்
ஒரு கப்பலின் பெட்டிகளை
இன்னொரு கப்பலுக்கு மாற்றுகின்றன,
திறந்து பார்க்காமலே.
எனக்கு அந்த வசதி இல்லை.

பதினேழு கட்டளைகள்,
பழைய இயங்குதளத்திலிருந்து புதியதற்கு.
வெள்ளிக்கிழமை பழையதை அணைத்துவிடுவார்கள்.
பதினாறு வந்து சேர்ந்தன, முனகிக்கொண்டுதான்:
வரி முடிவில் ஒட்டிக்கொண்டே வந்தது
கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து;
கோ வீ கியட்டை
மூன்று ஆட்களாக எண்ணியது ஒன்று.
மேற்கோளுக்குள் வைத்தேன், ஓராளானார்.

பதினேழாவது,
ஊழியர் பெயரில் கோப்பு திறக்கும் சின்னக் கட்டளை.
சோதனைக்கு என் பெயரையே கொடுத்தேன்,
அடையாள அட்டையில் உள்ளபடி:
இன்பவல்லி டி/ஓ சிதம்பரநாதன்.

பழைய கணினிக்கு அந்தச் சாய்கோடு
இன்னோர் எழுத்து, அவ்வளவுதான்.
புதியதற்கு அது கதவு.
'இன்பவல்லி டி' என்று ஓர் அடைவு.
திறந்தேன்.
உள்ளே தனியாக அப்பா,
'ஓ சிதம்பரநாதன்',
யாரோ கூப்பிட்டதற்குக்
குரல் கொடுத்தவர் மாதிரி.
அளவு: பூஜ்ஜியம் பைட்.

"அடிக்கோடு போட்டு மாத்திடு"
என்றார் ஃபாரிட்ஸ்.
அவர் பெயரில் வெறும் 'பின்'தான்,
எந்தக் கணினியிலும் தடுக்காது.
மாற்றினேன்.
சோதனைகள் எல்லாம் பச்சை.

மிச்சமிருந்த அடைவை
அழிக்கப் போனால்
காலியாக இல்லை என்கிறது.

பத்தாம் எண் பேருந்துக்கு
எட்டு நிமிடம்.
திரையை மட்டும் அணைத்தேன்.