தலைக்கு அரை லிட்டர்

மின்சார ரசீதின் பின்புறம்
லெஷெக் மாமா கணக்குப் போடுகிறார்.
வருகிறவர்கள் நூற்றுப் பன்னிரண்டு.
பிள்ளைகள் ஒன்பதைக் கழித்து,
நிறைமாதக்காரி ஒருத்தியைக் கழித்து,
பங்குச் சாமியாரைக் கழிப்பதா என்று யோசித்து
கழிக்காமல்,
தலைக்கு அரை லிட்டர் வோட்கா.
நூற்றிரண்டு புட்டி.
"குறைந்தால் வொம்ஜா முழுக்கப் பேசும்.
மிஞ்சினால் என்ன,
ஞானஸ்நானத்துக்கு ஆகும்."
அம்மா என் வயிற்றைப் பார்க்கிறாள்.
நான் ஜன்னலைப் பார்க்கிறேன்.

டிமோன் மட்டும் வாய் திறக்கவில்லை.
எண்ணப் பழகியதே புட்டிகளில்தான் என்று
ஒருமுறை சொல்லியிருக்கிறான்:
குளியல் தொட்டிக்கு அடியில் மூன்று,
நிலக்கரி வாளிக்குள் இரண்டு,
அப்பாவின் ரப்பர் பூட்ஸில்
இடது காலில் ஒன்று.
ஆறுவரை தெரிந்துகொண்டுதான்
முதல் வகுப்புக்குப் போனான்.

இப்போது அவர் தொடுவதில்லை.
நான்கு வருஷம், இரண்டு மாதம்.
காலை மூன்றரைக்கு எழுந்து
பண்ணை பண்ணையாய்ப் பால் எடுக்கும் லாரி
இரெனேயுஷ் ஓட்டுவது.

ஒரு சொட்டும் வேண்டாம் என்றேன் நான்.
செர்ரிச் சாறு, காபி, தண்ணீர்.
மாமா பேனாவை மூடினார்.
"பத்து மணிக்குப் பாட்டுக்காரர்கள் இருப்பார்கள்.
நாற்காலிகளும் இருக்கும்."
பீர் மட்டும்? என்றாள் அம்மா.
மூலையில் ஒரு மேசை போட்டு,
வேண்டுகிறவர்கள் காசு கொடுத்து...
என்று நான் முடிக்குமுன்
சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்புறம்தான்
தாம்பாளம் ஞாபகம் வந்தது.
மண்டப வாசலில்
ரொட்டி, உப்பு, இரண்டு சின்னக் கிண்ணி.
ஒன்றில் வோட்கா, ஒன்றில் தண்ணீர்.
கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.
வோட்கா யார் கைக்கு வருகிறதோ
குடித்தனத்தில் அவர் பேச்சுதான் செல்லும்.
தாம்பாளம் ஏந்துவது மாப்பிள்ளையின் தகப்பன்.

அவர் கைகளைப் பற்றி
நாங்கள் யாரும் பேசவில்லை.
வேறெதையும் நினைக்கவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரே வந்தார்.
ஷூவைக் கழற்றினார், உட்காரவில்லை.
"எனக்காக நூறு தொண்டையைக் காயப்போடாதீர்கள்.
காய்ந்தவர்கள் எல்லாரும்
என் மூஞ்சியையே பார்ப்பார்கள்.
அதற்கு அவர்கள் குடித்துவிட்டுத்
தரையைப் பார்க்கட்டும்."
என் பக்கம் திரும்பி,
"போக்னா, சமையலறைக் கதவோரம் என்னைப் போடாதே.
டிரம் பக்கத்தில் போடு.
மூடி திருகும் சத்தம் கேட்காது."

தாம்பாளம்? என்றான் டிமோன்.
அன்று அவன் பேசியது அது ஒன்றுதான்.

"பிடிக்கிறேன்.
தண்ணீரை நான் ஊற்றுகிறேன்.
மற்றதை ஹலீனா ஊற்றட்டும்.
விளிம்புவரை வேண்டாம்."

மாமா நூற்றிரண்டை அடித்து
எழுபது என்று எழுதினார்.
அவர் கார் டிக்கியில்
தனியே பதினைந்து ஏறியதைப்
பார்த்தேன். கேட்கவில்லை.

கல்யாணத்தன்று
தாம்பாளம் லேசாகக் கிணுகிணுத்தது,
தூரத்துத் தெருவில் சைக்கிள் போவதுபோல.
எனக்கு வந்தது தண்ணீர்.
ஆனாலும் முகத்தைச் சுளித்தேன்.
டிமோனும் சுளித்தான்.
யாருடையது எது என்று
கூட்டத்துக்குப் பிடிபடவில்லை.
அவர் மூக்குக்குத் தெரிந்திருக்கும்.

கிண்ணிகளைத் தோளுக்குப் பின்னால் எறிந்தோம்.
அவனுடையது நொறுங்கியது.
என்னுடையது உடைய மறுத்து
உருண்டு, உருண்டு
அவர் ஷூவருகே போய் நின்றது.
சகுனம் சரியில்லை என்று யாரோ முனகினார்கள்.
குனிந்து எடுத்தார்.
உள்ளங்கையில் கவிழ்த்து
ஒட்டியிருந்த ஈரத்தைப் பார்த்தார்.
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

உள்ளே அதற்குள் மேசைகளைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள்:
கசக்குது! கசக்குது!
நாங்கள் முத்தமிட்டால்தான்
அவர்களுக்கு வோட்கா இனிக்குமாம்.

போனோம்.
யாரோ ஒரு மூடியைத் திருகினார்கள்.
எனக்கே கேட்டது.
டிரம் அடிக்கிறவன்
இன்னும் ஸ்டூலைச் சரிசெய்துகொண்டிருந்தான்.