குமட்டலுக்கு நல்லது

என் ஜீப்பில் பதினாலு பேர்.
ஆர்.டி.ஓ. கேட்டால் ஒன்பது.

கம்பத்தில் நாலே முக்காலுக்குக் கிளம்பினால்
மூன்றாவது கொண்டை ஊசியில் ஒச்சம்மா பேச்சை நிறுத்துவாள்.
ஐந்தாவதில் பவுன்தாய் பாலித்தீன் பையைப் பிரிப்பாள்.
ஏழாவதில்
நான் கண்ணாடியைப் பார்க்க மாட்டேன்.

எலுமிச்சம்பழம் மோந்து பார்த்தார்கள்.
புளிப்பு மிட்டாய் அடக்கிப் பார்த்தார்கள்.
தினசரித் தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தும் பார்த்தார்கள்.
இறக்கிவிட்டுத் திரும்பியதும் எனக்கு
இரண்டு குடம் தண்ணீர், ஒரு மூடி பினாயில்.

மெட்டில், சோதனைச் சாவடி தாண்டி
கேரளத்துப் பக்கம் முதல் கடை சுபைதா இத்தாவுடையது.
பால் வண்டி ஆறரைக்குத்தான் வரும்.
அதனால் கட்டன்.
ஏலக்காய் என்ற பேச்சை அங்கே எடுக்கக் கூடாது.
நாளெல்லாம் நகக்கண்ணில் ஏலம்,
முந்தானையில் ஏலம்,
ராத்திரி பிள்ளை கட்டிக்கொண்டு மோப்பதும் ஏலம்.
அதையே காசு கொடுத்துக் குடிக்க
அவர்களுக்கென்ன தலையெழுத்து.

இத்தா கழுவுதொட்டிக்குப் பின்னால் போவாள்.
எண்ணெய் டின்னில் புதினா.
கம்பம் சந்தையில் வாங்கிய கட்டில்
இலை உருவியபின் மிஞ்சிய காம்பைக் குத்திவைத்தது.
கிளாஸ் கழுவிய தண்ணீர், வடிகட்டிய தூள்,
அது தின்னாததில்லை.
நாலு கொத்து கிள்ளி உள்ளங்கையில் வைத்து
ஒரே ஒரு தட்டு.
கசக்கினால் கசக்கும் என்பாள்.
கொதி அடங்கியபின் போட்டு மூடுவாள்.
கொதிக்கையில் போட்டால் அது கஷாயமாம்,
அதற்கு வைத்தியர் போதும், டீக்கடை எதற்கு.
சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.
தம்மாமில் அவள் புருஷன்
ஒரு சூடான்காரரிடம் கற்றுக்கொண்ட பக்குவம்.
புருஷன் வரவில்லை. பக்குவம் வந்துவிட்டது.

முதல் மடக்கில் பவுன்தாய் ஏப்பம் விடுவாள்.
எல்லோரும் கைதட்டுவோம்.
இரண்டாவதில் முகத்துக்கு ரத்தம் திரும்பும்.
கிளாஸ் காலியாகுமுன்
ஒச்சம்மா கங்காணி நடையை நடந்து காட்டியிருப்பாள்.
சாயங்காலம் இறங்கும்போது
ஆளுக்கொரு கொத்தை முந்தானையில் முடிந்துகொள்வார்கள்,
மறுநாள் ஏழாவது வளைவுக்கு.
இரண்டு குடம் ஒரு குடமாகியிருக்கிறது.
பொய் சொல்ல மாட்டேன், பினாயில் இன்னும் வாங்குகிறேன்.

இதில் எனக்கு மட்டும் ஒரு வில்லங்கம்.
நெஞ்செரிச்சல்.
ஆஸ்பத்திரி டாக்டரம்மா காரத்தைக் குறை என்றார்.
குறைத்தேன்.
காலி வயிற்றில் என்ன குடிக்கிறாய் என்றார்.
சொன்னேன்.
பேனாவை மூடிவைத்தார்.
புதினா சிலருக்கு
இரைப்பையின் மேல்வாசலைத் தளர்த்திவிடுமாம்.
பதினாலு பேருக்கு மருந்து,
ஓட்டுகிறவனுக்கு ஆகாது.

ஒரு வாரம் வெந்நீர் குடித்தேன்,
ஜீப்பில் சாய்ந்துகொண்டு, தள்ளி நின்று.
சம்பளம் தோட்டத்து கேட்டில்தான் தொடங்குகிறது.
வீடு கம்பத்திலேயே முடிந்துவிட்டது.
நடுவில் இந்த ஏழெட்டு நிமிஷத்தை
எந்த நோட்டிலும் எவனும் எழுதவில்லை.
யாரும் யாரையும் கூப்பிடாத நேரம்.
பனிக்கு ஒண்டி, தோளோடு தோள் இடித்து,
ஆவியை மூக்கால் குடித்துக்கொண்டு
பதினாலு பேர்.
வெந்நீர் கிளாஸோடு அதற்குள் நுழைய முடியவில்லை.
சீக்காளிக்கு இடம் விடுங்கடி என்றாள் ஒச்சம்மா.
விட்டார்கள். அதுதான் சுருக்கென்றது.

எட்டாம் நாள்
எனக்கும் என்றேன்.
இத்தா ஒன்றும் கேட்கவில்லை.
பாதி கிளாஸ்.
மேலே ஒரே ஒரு இலை.

இறங்கும்போது வண்டி காலி.
ஏழாவது வளைவில் நெஞ்சு எரியத் தொடங்குகிறது.
கதவோரம் தலையை நீட்டி
நீளமாக ஓர் ஏப்பம் விடுகிறேன்.
கைதட்ட ஆளில்லை.