வாத்துகள் பத்தும் தப்பிவிட்டன

சனிக்கிழமை கண்டியில் கண்காட்சி.
இன்று வியாழன், தலவாக்கலையில் மழை.
போன் திருத்தும் மேசையைத் துடைத்துவிட்டு
கேசட்டுகளைப் பரப்பியிருக்கிறேன்.
நாற்பத்தொன்று.
ஒன்றுகூட அசல் இல்லை.

தினூஷ் அனுப்பிய படிவத்தில் ஒரு கட்டம்:
தயாரித்த நாடு.
பெட்டியின் மேல் ஒரு நாடு,
உள்ளே பச்சைப் பலகையில் வேறொன்று,
ஸ்டிக்கரில் இருக்கும் எழுத்துப் பிழை
எந்த நாடும் உரிமை கோராதது.
'பரிசீலனையில் உள்ளது' என்று நிரப்பினேன்.
எங்கள் வீட்டுத் தகரப்பெட்டியில்
அந்த வாசகம் மூன்று கடிதங்களில் இருக்கிறது.

மஞ்சள் கேசட்டில்
9999 ஆட்டங்கள் என்று அச்சடித்திருக்கிறது.
எண்ணிப் பார்த்த ஒரே ஆள் என் தம்பி லோகிதன்,
அம்மை போட்டிருந்த பதினாறு நாளில்.
ஏழுதான்.
மிச்சமெல்லாம் அதே ஏழு,
ஒன்றில் வானம் சிவப்பு,
ஒன்றில் ஆள் கொஞ்சம் வேகமாகச் சாவான்.

ஓடாவிட்டால் ஊதுவோம்.
ஊதியதால்தான் செம்பில் பச்சை பூத்தது என்று
பிறகு தொழில் படித்தபோது தெரிந்தது.
இப்போது அழிறப்பரால் தேய்க்கிறேன்,
பல்லுப் பல்லாக,
எட்டு வீட்டுப் பிள்ளைகளின் மூச்சு
தூளாக விழுகிறது. ஊதித் தள்ளப் போய்
வாயை மூடிக்கொண்டேன்.

ஆறு மணிக்கு லயம் முழுக்க லைட் போடும்போது
கரண்ட் இறங்கும்.
படம் நாலு பக்கமும் சுருங்கி
நடுவில் தபால்தலை அளவில் நிற்கும்.
அதற்குள்ளும் குதித்தோம்.
இதை எந்த அட்டையில் எழுதுவது?

துப்பாக்கியின் இடம் மட்டும் வெறுமை.
சாம்பல் நிறம். குதிரையை இழுத்தால்
தகரத்தை மடக்கும் சத்தம்.
தொண்ணூற்றேழில் சுற்றிவளைப்பு நடந்த இரவு
அப்பா அதைக் கவ்வாத்துக் கத்தியால் மூன்று துண்டாக்கி
அடுப்பில் வைத்தார்.
பிளாஸ்டிக் நாற்றம் மறைய
அம்மா செத்தல் மிளகாய் வறுத்தாள்.
சப்பாத்துகள் வாசலில் நின்று இருமின.
விளையாட்டுச் சாமான் என்பதற்கு
அவர்களுடைய மொழியில் என்ன சொல் என்று
சந்தையில் சரளமாகப் பேசும் அப்பாவுக்கே
அன்றைக்கு நாக்கில் வரவில்லை.

அதற்குப் பிறகும் வாத்துக் கேசட்டைப் போட்டோம்.
புல்லிலிருந்து ஒரு வாத்து எழும்பும்.
அங்கே இங்கே அலையும்.
யாரும் சுடாததால்
நேரம் முடிந்து மேலே போய்விடும்.
அடுத்தது.
பத்தும் தப்பியதும் தோற்றுவிட்டாய் என்று எழுத்து வரும்.
நாங்கள் கைதட்டுவோம்.
பக்கத்துக் காம்பிராவிலும் கேட்கும்.

"என்னிடம் மூன்று துவக்கு இருக்கிறது அக்கா,
ஒன்றைத் தருகிறேன்" என்றான் தினூஷ், போனில்.
வேண்டாம் மல்லி.
இரண்டு கதிரை மட்டும் போடு.

நாளை விடிய நாலு மணிக்கு
நிஸ்தாரின் லீக்ஸ் லொறி.
கினிகத்தேனை வளைவுகளில் மெதுவாகப் போ என்று
இரண்டு தடவை சொல்லியாயிற்று.
தேயிலைச் சாக்கில் கேசட்டுகள்,
படங்கில் சுற்றி, கயிறு போட்டு
இருபத்தொரு இஞ்சிக் குழாய் டிவி.

லோகிதன் கேட்கிறான்:
"புது டிவியில் சுட்டால் படாது,
அதற்குத்தானே இந்தப் பாறாங்கல்?
சுடவே போறதில்லையே.
ஏன் சுமக்கிறே?"

நியாயமான கேள்வி.
ஒரு பக்கம் பிடி, என்றேன்.
கனம் முழுக்க முன்னால், கண்ணாடியில்.
படம் தெரியும் பக்கத்தை
நெஞ்சோடு சேர்த்துத்தான்
தூக்கவேண்டும் இதை.