ஓரத்தில் எழுதியவை

ஏற்றத்தில் நான் சைக்கிளைத் தள்ளுவேன்,
இறக்கத்தில் அது என்னைத் தள்ளும்.
மஸ்கெலியாப் பக்கம் சமதரை என்பது
பையன்கள் பந்தடிக்க வெட்டிய
கொஞ்சம் மண் மட்டுந்தான்.

மின்சாரக் கணக்கெடுக்கும் வேலை எனக்கு.
புத்தகத்தின் நடுவில் யூனிட்.
ஓரத்தில், பென்சிலால், மற்றதெல்லாம்.

மூன்றாம் லயம், நாற்பத்தோரு யூனிட்.
கோயில் வளைவில் ஒரு கீரி.
நின்று பார்த்தது.
கடன் வசூலிக்க வந்தவன் இல்லையென்று
தெரிந்ததும் போனது.

ஐந்தாம் லயம்.
மீட்டர்ப் பெட்டிக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது.
தட்டவில்லை.
போன மாதத்தைப் பார்த்துச் சராசரி போட்டுவிட்டேன்.

ஸ்டோருக்குப் பின்னால் சவுக்கு மரத்தில்
மந்தி ஒன்று குட்டிக்குப் பேன் பார்க்கிறது.
நேர் கீழே, வாசற்படியில்,
விசாலாச்சிக்கும் மகளுக்கும் அதே வேலை.
இரண்டு வீட்டாரும்
என்னைக் கண்டுகொள்ளவில்லை.

அட்டைகளை எழுதுவதில்லை.
எழுதத் தொடங்கினால் யூனிட்டுக்கு இடமிருக்காது.
பைக்குள் எப்போதும் ஒரு சவர்க்காரத் துண்டு.

சிறுத்தையை நான் பார்த்ததே இல்லை, பதினொரு வருசம்.
பார்த்ததாகச் சொல்கிறவர்கள் எல்லாரும்
என்னைவிடக் குறைவாக நடக்கிறவர்கள்.
ஒரே ஒரு தடவை,
நான் மேல் டிவிசன் போய்த் திரும்புவதற்குள்
ஈர மண்ணில் என் டயர்த் தடத்தின் மேல்
ஒரு பாதம் பதிந்திருந்தது.
ஓரத்தில் 'ஒன்று' என்று எழுதினேன்.
அழித்தேன்.
அழித்த இடம் இன்னும் அழுக்காக இருக்கிறது.

இந்தச் செவ்வாய்
பதினைந்தாம் நம்பர் மலையில் கானைத் தாண்டி,
காட்டோரக் குறுக்குப் பாதையில்,
சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு போகிறேன்.
மானாப்புல் அசைகிறது. காற்று இல்லை.

சருகுமான்.
பூனையைவிடச் சற்றுப் பெரிது,
பென்சில் மாதிரிக் கால்கள்,
அதில் ஒன்றைக் கம்பி பிடித்திருக்கிறது.

குனிந்தபோதுதான் கண்டேன்,
கம்பி நுனியில் நீல டேப்.
நான் சுற்றியது.
மாசியில் கழற்றிப்போட்ட முன் பிரேக் கேபிள்.
அந்தோனிமுத்து கடையில் விட்டு வந்தேன்,
யாரும் கேட்டால் குடுத்திருங்க என்று.
எத்தனை இறக்கத்தில்
என்னை நிறுத்திய கம்பி.

எலும்பு ஒடியவில்லை, தோல்தான் வழன்றிருந்தது.
விரலால் சுருக்கைத் தளர்த்தியபோது
அதன் நெஞ்சு என் மணிக்கட்டில் அடித்தது.
விட்டதும் அது ஓடவில்லை.
இரண்டு அடி வைத்து நின்றது,
இன்னும் கட்டியிருப்பதுபோல.
பிறகு அங்கே புல் மட்டும்.

அடுத்த வீடு சடையப்பன்.
போஞ்சிப் பாத்தியைப் பன்றி உழுதுவிட்டது,
வேலி நட்ட குச்சியெல்லாம் பல்லுப்போல் சிதறிக் கிடக்கிறது.
பதினேழு யூனிட். ஒரு பல்பு, ஒரு ரேடியோ.
ஏற்கெனவே சிவப்புப் பில் வந்த வீடு.
பிளேன்டி தந்தார்,
சீனியை என் உள்ளங்கையில் கொட்டினார்.
சைக்கிளைப் பார்த்தார்.
"புது பிரேக்கா தம்பி?"
"ஆமாங்க."
"நல்லாப் புடிக்குதா?"
சட்டைப் பையில் சுருண்டிருந்தது பழையது.
அவரா, அந்தோனிமுத்து கடைக்கு வந்த வேறு யாருமா,
கேட்கவில்லை.
சீனியை நக்கிக்கொண்டே
புடிக்குதுங்க என்றேன்.

திரும்பும்போது இரண்டு பிரேக்கையும்
விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினேன்.
நீர்த்தேக்கம் வற்றிக் கிடந்தது.
வெளியே தலை நீட்டிய பழைய கோயில் கல்லின் மேல்
ஒரு நீர்க்காகம்
சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தது.

எழுத வேண்டுமென்றால்
ஒரு கையை எடுக்க வேண்டும்.