சர்வர் இல்லை

சட்டைப் பையில் செல்பேசி,
கேமரா மட்டும் வெளியே எட்டிப் பார்த்தபடி.
உபதலை போஜன் கவுண்டருக்கு வந்தால்
குளிரைப் பற்றி ஒரு வார்த்தை,
கேரட்டை மேய்ந்த காட்டெருமை பற்றி ஒரு வார்த்தை.
அன்று இரண்டும் இல்லை.
செலானை நீட்டினார்:
ஏழு லட்சத்து நாற்பதாயிரம்.
பெறுபவர் பெயரை
எழுத்துக் கூட்டித்தான் எழுதியிருந்தார்.

"வீட்டு வேலையா சார்?"
"ஆமாம்" என்றார். பிறகு "இல்லை."
பிறகு பையைத் தொட்டுக்கொண்டு
"ஆமாம்."

முப்பத்தோரு வருடம்
அருவங்காட்டில் வெடிமருந்தோடு இருந்தவர்.
வாசலில் தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர்.
உள்ளே என்னதான் செய்றீங்க என்று மாதி கேட்டபோதெல்லாம்
"வேலை" என்று மட்டும் சொன்னவர்.
அவரிடம் போய்
யாரிடமும் மூச்சு விடாதே என்றிருக்கிறான் ஒருவன்,
காக்கி போட்டு, முதுகுக்குப் பின்னால் கொடி வைத்து.
சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான்.

எங்கள் கிளையில் நான் அதிகம் சொல்லும் வாக்கியம் ஒன்று.
மழையில் சொல்வேன், மூடுபனியில் சொல்வேன்,
பென்ஷன் நாளில் திட்டு வாங்கிக்கொண்டே சொல்வேன்.
அன்றுதான் முதல்முறை பொய்யாகச் சொன்னேன்,
பைக்குள் இருப்பவனுக்கும் கேட்கிற மாதிரி:
"சர்வர் இல்லை சார். உட்காருங்க."

செலானைப் புரட்டி எழுதினேன்:
லைனில் போலீஸா?
தலை அசையவில்லை.
கண் ஒருமுறை மூடித் திறந்தது.
எத்தனை நாளா?
மூன்று விரல்.

மூன்று இரவு
போனைத் தலையணையில் சாய்த்து வைத்து
அவன் பார்க்கத் தூங்கியிருக்கிறார்,
அல்லது கிடந்திருக்கிறார்.
பக்கத்து அறையில் மாதி.

தேவசகாயம் ஷட்டரைப் பாதி இறக்கினார்.
மேனேஜர் உள்ளே போய் 1930-ஐ அழைத்தார்.
நான் பத்து ரூபாய்க் கட்டு ஒன்றை
எண்ணும் இயந்திரத்தில் வைத்து
செல்பேசியை வாங்கி அருகில் கவிழ்த்தேன்.
நூறு தாள். திரும்ப அதே நூறு. திரும்ப.
எவ்ளோ ஆச்சு, எவ்ளோ ஆச்சு
என்று மேசையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது காக்கி.

போஜன் சிரித்தார் என்று எழுத ஆசை.
"அப்போ என் மேல இருக்கிற கேஸ்?" என்றார்.
"அதை யார் முடிப்பாங்க?"

கேஸே இல்லை என்று
நான்கு முறை சொல்ல வேண்டியிருந்தது.
திங்கட்கிழமையே ஒன்றரை லட்சம் போயிருந்தது,
குன்னூர்க் கிளையில்,
அங்கே சர்வர் நன்றாக வேலை செய்த நாள்.

புகாரில் கையெழுத்திட்டு
பேனாவைத் திருப்பித் தரும்போது கேட்டார்:
"வீட்ல சொல்லலாமா?"
மூன்று பேரும் ஒன்றாகச் சொன்னோம்,
சொல்லுங்க.

எங்கள் லேண்ட்லைனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.
எங்கே இருக்கீங்க என்று மாதி கேட்டிருக்க வேண்டும்.
"வேலை" என்று ஆரம்பித்தார்.
நிறுத்தினார்.
தொண்டையைச் செருமிக்கொண்டு,
ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து
ஆரம்பித்தார்.