கச்சான்

கச்சான் என்று பேர் வைத்தோம்.
வறுத்த கச்சான் கோதின் நிறம் என்பதால் ஜெனித்தா,
வைகாசியில் கதவைப் பிடுங்கும் காற்று என்பதால் நான்.
இரண்டு பேரும் சரி.

அன்புவழிபுரத்துக்கு அப்பால் எங்கள் தகரக்கூரைக் காப்பகம்.
அவனுக்குப் பதினொரு மாதம், நாலு கால்.
நாலும் ஒரே நேரத்தில் நிலத்தில் நின்று
நான் கண்டதில்லை.

தண்ணீர் வாளியை நாளுக்கு ஆறு தரம் கவிழ்ப்பான்.
கவிழ்த்துவிட்டு
யார் செய்த வேலை என்று எங்களோடு சேர்ந்து தேடுவான்.

மூன்று வீடு போய்த் திரும்பியவன்.
முதல் வீட்டில் உயர்தரம் படிக்கும் பெடியனின் கொப்பி.
"பாதிதான் திண்டவன், ஆனா சேதன இரசாயனம் முழுக்கப் போச்சு"
என்று தாய் சங்கிலியை என் கையில் தந்தபோது
பெடியன் அழுதான்,
கொப்பிக்காக இல்லை.

உப்புவெளி விடுதிக்காரர் ஒரு கிழமை வைத்திருந்தார்.
வெள்ளைக்காரியின் துவாயோடு கடலில் இறங்கியவனை
ஒரு மீன்வள்ளம் ஏற்றி வந்ததாம்.
துவாய் வரவில்லை.

மூன்றாவது, கோட்டைப் பக்கத்து வீடு. மான்கள்.
மாடுபோல் வீதியில் நடந்து
கடைவாசலில் வாழைப்பழத் தோல் தின்னும் புள்ளிமான்கள்,
இந்த ஊரில் ஒருவருக்கும் பயந்ததில்லை.
அன்றைக்குப் பயந்தன.
அவன் ஒன்றையும் கடிக்கவில்லை.
தன் வேகத்துக்கு ஓடத் தெரிந்த ஆட்களை
அன்றுதான் முதலில் கண்டான்,
அவ்வளவுதான்.

இரவு போனில் விளம்பரம் எழுதினேன்.
அமைதியானவன். அழித்தேன்.
சொல் கேட்பான்.
கேட்பான், செய்யமாட்டான். அழித்தேன்.
காவலுக்கு நல்லவன்.
கள்ளன் வந்தால் பந்தை எடுத்துக் கொடுப்பான். அழித்தேன்.
கடைசியில் மிஞ்சியது:
வளவுக்கு வேலி வேண்டும். ஆளுக்குப் பொறுமை வேண்டும்.
செருப்பை உள்ளே வைக்கவும்.

ஒன்பது நாள் ஒரு அழைப்பும் இல்லை.

பத்தாம் நாள் தலையில் எல் பலகையோடு
பழைய மாருதி ஒன்று வந்து நின்றது.
தவயோகன். பாலையூற்றில் லேர்னர்ஸ் நடத்துகிறவர்.
பிறேக் என்று நினைத்து அக்சிலேட்டரை மிதிப்பவர்களின்
இடப்பக்க இருக்கையில் பன்னிரண்டு வருசம் இருந்து
ஒன்றும் நடக்காத முகத்தோடு வாழப் பழகிய மனிசன்.

கச்சான் பாய்ந்தான்.
நெஞ்சில் இரண்டு சேற்றுக் கால்.
மூக்குக்கண்ணாடி போனது, ஒரு பொத்தானும் போனது.
நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
அவர் கையைக் கட்டி, முகத்தைத் திருப்பி
வராத பஸ்ஸுக்கு நிற்பவர்போல நின்றார்.

பாய்ந்தான். நின்றார்.
பாய்ந்தான். நின்றார்.
வெயில் தகரத்தில் ஒரு முழம் நகர்ந்திருக்கும்.
ஜெனித்தா தேத்தண்ணி போட்டு அதுவும் ஆறிவிட்டது.

பிறகு
நாலு காலும் மண்ணில்.
ஒரு மூச்சு நேரம்தான், ஆனால் நாலும்.
அந்த மூச்சுக்குள் அவர் குனிந்து
காதுக்குப் பின்னால் சொறிந்துவிட்டார்.

"கிளச் விடத் தெரியேல்லை, அவ்வளவுதான்.
முதல் நாள் எல்லாரும் பாய்வினம் தங்கச்சி."

மான் கதையையும் மறைக்காமல் சொன்னேன்.
"எங்கட பக்கம் மாடுதான்" என்றார்.
"மாட்டைத் துரத்தினால்?"
"மாடு ஓடாதே."

பின்னிருக்கைக் கண்ணாடியில் தலையை நீட்டிக்கொண்டு
காற்றின் பேர்கொண்டவன் காற்றைத் தின்றபடி போனான்.

மறுநாள் முழுக்க வாளி நிமிர்ந்தே நின்றது.
ஒரு தும்பி வந்து விளிம்பில் இருந்தது.
எனக்கு அது பிடிக்கவில்லை.

மூன்றாம் இரவு, பதினொன்றரைக்குப் போன்.
தவயோகன்.
திரும்பக் கொண்டுவரப் போகிறார் என்று
கூட்டுத் திறப்பைக் கை தானாகத் தேடியது.

"தங்கச்சி, படுத்த இடத்தில காலை உதறுறான்.
வலிப்போ, என்னவோ?"

கண் மூடியிருக்கா என்று கேட்டேன்.
மூடியிருக்காம்.
வால்?
மெல்ல ஆடுதாம்.

"கனவில ஓடுறான் அண்ணை."

கொஞ்ச நேரம் சத்தமில்லை.
மின்விசிறி சுற்றுவதும்
சீமெந்தில் நகம் உரசுவதும் கேட்டது.

"அப்ப சரி" என்றார், குரலைத் தாழ்த்தி.
"ஓடி முடிக்கட்டும்.
நான் லைற்றை நூக்கிறன்."